புரத ஜெல் பார்க்க எந்த ஒளி: யூவியா, நீலமா, லேசரா?

புரதங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஜெல்லித் தகடுதான் புரத ஜெல். ஒளிரும் சாயம் போட்ட ஜெல் மங்கினால் பலரும் கேமராவைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் சாயத்தைத் தின்பது, படம் எடுக்கும் சில நொடிகள் அல்ல. ஜெல்லை நேராக்கி, ஃபோகஸ் பார்த்து, பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டும் நிமிடங்கள். ஒளி எவ்வளவு வலுவானது, எவ்வளவு நேரம் பட்டது என்ற இரண்டும் சேர்ந்தே இழப்பைத் தீர்மானிக்கின்றன.

யூவி மேசை, அதாவது ஜெல்லுக்கு அடியிலிருந்து புற ஊதா ஒளி வீசும் பெட்டி, பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கும். 302 நானோமீட்டர் அலைநீளத்தில் சைப்ரோ ரூபி என்ற சாயம் நன்றாகவே ஒளிரும், மங்கலான பேண்டும் (புரதம் சேர்ந்து நிற்கும் பட்டை) தெரியும். ஆனால் பேண்ட் வெட்ட இதைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. முதல் லேனில் (ஒரு மாதிரி ஓடிய நெடுவரிசை) கத்தி வைக்கும்போது பளிச்சென்றிருந்த பேண்ட், கடைசி லேனுக்கு வருவதற்குள் வெளிறியிருக்கும். யூவி புரதத்தின் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தையும் சிதைக்கும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது. டீப் பர்ப்பிள் சாயமென்றால் இன்னும் மோசம், யூவியில் ரூபியைவிட வேகமாக மங்கும்.

வெட்டுவதற்கு என் ஓட்டு நீல ஒளிக்குத்தான். ரூபிக்கு 280 நானோமீட்டரை ஒட்டி ஒரு தூண்டல் உச்சமும் (சாயத்தை அதிகம் ஒளிரவைக்கும் அலைநீளம்) 450-ஐ ஒட்டி இன்னொன்றும் உண்டு. அதனால் 470 நானோமீட்டர் எல்ஈடி மேசை அதற்குப் போதும். நீல ஒளியைத் தடுக்கும் ஆம்பர் ஃபில்டர் வழியாகப் பார்த்தபடி நிதானமாக வெட்டலாம். நீல ஒளியிலும் சாயம் மங்கத்தான் செய்யும், மெதுவாக. மிக மெல்லிய பேண்டுக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டியிருக்கும்.

பேண்டில் எவ்வளவு புரதம் என்று அளவிடுவதற்கு லேசர் ஸ்கேனர். லேசர் வலுவானதுதான், ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் கண நேரமே நிற்கிறது. ஜெல் முழுவதும் ஒரே அளவு ஒளி படுவதால் லேன்களை நம்பி ஒப்பிடலாம். முன்னோட்டத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் ஓட்டிவிட்டு, இறுதி ஸ்கேனை மட்டும் 100 மைக்ரானில் எடுங்கள். விலையும், ஸ்கேனருக்குள் வெட்ட முடியாததும்தான் இதன் குறை.

யூவி மட்டுமே கையில் இருந்தால், ஜெல்லை வெள்ளை ஒளியில் நேராக்கி, ஃபோகஸையும் அதிலேயே முடியுங்கள். கேமராவில் பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) கூட்டினால் நுணுக்கம் குறையும், எக்ஸ்போஷர் நேரமும் குறையும். முதலில் படம், பிறகுதான் வேடிக்கை. சைப்ரோ ஆரஞ்சு, சைப்ரோ ரெட் சாயங்கள் மங்கிவிட்டால் ஜெல்லை மறுபடி சாயக் கரைசலில் போட்டு இருட்டில் வைத்துப் பாருங்கள், ஒளி பெரும்பாலும் திரும்பும்.