சண்டே மார்க்கெட்டில் விற்க மறுத்த புத்தகம்

மூன்று வாரம் புதுச்சேரியில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் பாரிஸ் பக்கம், சார்செல் திரும்பினேன். பேங்க் வேலை, வீட்டு வரி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அலைய வைத்தது ஒரு புத்தகம்தான்.

எனக்கு வேண்டியது பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்'. 1995-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். எழுதியவர் நம்மூர்க்காரர், கதையும் நம்மூர்க் கதை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்புதான் அதற்கு அடிப்படை. முன்கதையான 'மானுடம் வெல்லும்' என்னிடம் இருக்கிறது. அதனால் ஏசி போட்ட ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி. அதிலும் பாதி ஜோசியம், மீதி சமையல். கடைப் பையன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்லைன்ல போட்டுக்குங்க சார்" என்றான். பிரபஞ்சன் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்தது.

பாரதி 1908-இலிருந்து 1918 வரை இருந்த ஊர் இது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீட்டைத் தாண்டித்தான் நாங்கள் டியூஷனுக்குப் போவோம். 2021-இல் இறக்கும்வரை எழுத்தாளர் கி.ரா. இங்கே லாஸ்பேட்டையில்தான் குடியிருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலான் பெயரை அவர் நாட்டில் தெருப்பலகைகளில்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இங்கேயோ அந்தப் பெயர் கொண்ட நூலகம்தான் எங்களுக்கு லீவு நாளில் போய் உட்காரும் இடம். அப்படி வளர்ந்த எனக்கு அந்த ஒற்றை அலமாரியை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக்குப் போனேன். சண்டே மார்க்கெட் எப்போதும் போலத்தான், சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் குடம். ரங்கப்பிள்ளை வீதி வந்து சேரும் முனைக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் தார்பாய் விரித்துப் பழைய புத்தகம் போட்டிருந்தார். கைடுகளுக்கு நடுவே அந்த நாவலும் இருந்தது! அட்டை கிழிந்திருந்தாலும் பக்கமெல்லாம் சரியாக இருந்தது.

"அது குடுக்க முடியாது சார். ஒருத்தர் படிச்சிட்டிருக்காரு."

எனக்குப் புரியவில்லை. இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன், மூன்று மடங்கு என்றேன். அவர் அசையவில்லை. விற்பதற்குத்தானே விரித்து வைத்திருக்கிறீர்கள் என்று குரலை உயர்த்திவிட்டேன். சேன் நதிக்கரையில் பச்சைப் பெட்டி வைத்துப் பழைய புத்தகம் விற்பவர்களிடம் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். காசைக் கொடுத்தால் புத்தகம் கைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். நாளை மறுநாள் எனக்கு விமானம், இங்கே ஒருவர் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார்.

"அஞ்சு மணிக்கு வருவாரு. அவருகிட்டயே கேட்டுக்குங்க."

வந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். செக்யூரிட்டி சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. மில் மூடியதிலிருந்து இரவுக் காவல் வேலை. புத்தகத்தை விலைக்கு வாங்கும் வசதி இல்லை. ஞாயிறுதோறும் டூட்டிக்குப் போகும் வழியில் இங்கே உட்கார்ந்து ஐம்பது அறுபது பக்கம் படித்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவாராம். கடைக்காரர் காசு எதுவும் வாங்குவதில்லை. நான் கத்தியதை நினைத்து அந்த இடத்திலேயே எனக்குக் கூசிப்போய்விட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் அடையாளம் வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தார்.

"நாப்பது பக்கம் பாக்கி தம்பி. எட்டு மணிக்குத்தான் டூட்டி. முடிச்சிட்டுத் தரேன், இருப்பீங்களா?"

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் இருவரும் உட்கார்ந்தோம். நான் இரண்டு டீ வாங்கி வந்தேன். கூட்டம் எங்கள் காலை மிதித்துக்கொண்டு போனது. அவர் உதடு அசையப் படித்தார், சில இடத்தில் திரும்பப் போய் மறுபடியும் படித்தார். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இருட்டியதும் எழுந்து தெருவிளக்குக்குக் கீழே இருந்த படிக்கு மாறினோம்.

நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "பிரான்சுல டூப்ளேயை ஜனங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பாரிஸ்ல அவர் பேர்ல மெட்ரோ ஸ்டேஷனே இருக்குண்ணே. ஆறாம் நம்பர் லைன்."

"பிள்ளை பேர்ல?"

"நான் பார்த்ததில்லை."

ரங்கப்பிள்ளை வீதி முனைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் புத்தகத்தில் குனிந்தார். இன்னும் பதினொரு பக்கம் இருந்தது.