மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெரு மாடியில் ஏடிஎச்டி பயிற்சி மையம்

விளம்பரப் பலகையில் ‘குறும்புப் பிள்ளைகளுக்கு’ என்று எழுதாததற்கே ஒரு பாராட்டு. ஏடிஎச்டி என்பது கவனச் சிதறலும் அடங்காத துறுதுறுப்பும் மிகுந்த வளர்ச்சிக் கோளாறு. அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்தனவா, 6 மாதமாவது நீடித்தனவா, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா என்று முதல் நாளே துருவுகிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் ஒரு கேள்விப் படிவம் போகிறது.

பிள்ளைக்கு 6 வயது ஆகவில்லையென்றால் பயிற்சி பெற்றோருக்குத்தான். அதுதான் சரியும்கூட. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய் முகம் பார்த்துச் சொல்வது. செய்த கையோடு பாராட்டு. பரிசை வாரக் கடைசிக்குத் தள்ளினால் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது, பல வீடுகளில் நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டை படுத்துவிடுவது அதனால்தான். பாட்டியையும் உட்காரவைக்கிறார்கள்: அம்மா மறுத்ததைப் பாட்டி கொடுத்தால் எல்லாம் வீண்.

பெரியவர்கள் பிரிவு சுமார். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள், கைக்கு வருவதோ ஒரு நாட்குறிப்பு. வேலையைச் சிறு துண்டுகளாக உடைக்கும் பழக்கத்தைக் கூடவே உட்கார்ந்து பழக்க வேண்டாமா? ஷிப்டு மாறும் செம்பனை ஆலைத் தொழிலாளிக்கு வெறும் நாட்குறிப்பு நாலு நாள்கூடத் தாங்காது.

மருந்து இங்கே இல்லை. அரசு மருத்துவமனைக்குக் கடிதம் தருகிறார்கள். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் மருந்து பசியைக் குறைக்கும், அதனால் பசியாறிய பிறகு கொடுங்கள் என்பதையும் சொல்லியே அனுப்புகிறார்கள்.