வீல் ஆர்ச் வேலை கொடுக்கும் முன் மெஷினின் உருளையைப் பாருங்கள்

அப்பாவின் 92 மாடல் அம்பாசிடர். திருவொற்றியூரில் கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு, கேட்கவா வேண்டும்? டயர் வாரி அடிக்கும் சேறும் உப்பும் வீல் ஆர்ச்சின், அதாவது டயருக்கு மேல் வளையும் பாடி விளிம்பின், உள்மடிப்பில் தங்கி, பின்பக்கம் இரண்டும் அப்பளமாகப் பொரிந்துவிட்டன.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். நுழைந்ததுமே, இரண்டு உருளைகளுக்கு நடுவே தகரத்தை உருட்டி வளைக்கும் ஆளுயர வீலிங் மெஷினைக் காட்டினார் பட்டறைக்காரர். "இருபது கேஜ் சிஆர் ஷீட்டுல உருட்டி, கம்பெனி வளைவு அப்படியே கொண்டாந்துடுவேன் சார்." சிஆர் என்றால் கோல்ட் ரோல்டு, வழவழப்பான எஃகுத் தகரம். 18,000 ரூபாய். மெஷினைப் பார்த்த மயக்கத்தில் பேரம்கூடப் பேசவில்லை.

நாலே மாதத்தில் பெயின்ட் கொப்புளித்தது. வியாசர்பாடியில் ஒரு வயதான டிங்கரிடம் காட்டினேன். துணி சுற்றிய காந்தத்தை ஆர்ச் நெடுக நகர்த்தினார். பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. "இன்னா நைனா, தகரத்தவிட பட்டிதான் ஜாஸ்தி கீது" என்றார்.

சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. அடியில், துருவைக்கூட வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே துத்தநாகம் பூசிய ஜிஐ தகரத்தை வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள்.

விளிம்பு மடிப்பில்தான் முழுத் திருட்டும் தெரிந்தது. வளைந்த ஓரத்தை உள்ளே மடித்தால் அந்த இடத்துத் தகரம் நீண்டாக வேண்டும், இல்லாவிட்டால் கிழியும். அதற்குத்தான் தகரத்தைக் கவ்வி நீட்டும் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, இல்லையென்றால் சுத்தியும், அடியில் தாங்கப் பிடிக்கும் இரும்புக் கட்டியான டாலியும் வைத்துப் பொறுமையாகத் தட்ட வேண்டும். இவர்கள் கத்தரியால் இஞ்சுக்கு ஒரு வெட்டு போட்டு மடித்துவிட்டார்கள். மடித்ததும் ஒவ்வொரு வெட்டும் ஓட்டைப் பல்லாக வாயைத் திறக்கும். அதில் பட்டியை அடைத்தாயிற்று. தண்ணீர் நேரே உள்ளே.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வீலிங் மெஷினின் இரண்டு உருளைகளும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம். அதில் சின்னக் கீறல் இருந்தாலும் தகரத்தில் அப்படியே அச்சு விழும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டறை மெஷினின் உருளை துருப்பிடித்துக் கிடந்தது, அதன் மேல் யாருடைய பனியனோ காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கடல் காத்து சார், புது வண்டியே தாங்காது" என்றார். அரைமணி நேரம் கத்தியதில் 3,000 வந்தது. பில் வாங்காததால் மேலே பேச வழியில்லை, அது என் தப்பு.

வேலை கொடுப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பட்டி பூசுவதற்கு முன் வெறும் தகரமாகப் பார்க்க வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒழுங்காகச் செய்பவர் மறுக்க மாட்டார். மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள், உள்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை அப்புறம் கொடுக்கலாம்.

பெரியவரிடம் மெஷினே இல்லை. மணல் மூட்டை, மரச்சுத்தி, டாலி, அவ்வளவுதான். இடது பக்கம் முடிந்து துருத்தடுப்பு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்து நிற்கிறது, 9,500 ஆனது. வலது பக்கத்துக்குப் பொங்கல் போனஸ் வரட்டும்.