குறிப்பு வார்ப்புருவில் பிழை வந்தால்: ஈமேக்ஸா, அப்சிடியனா?

ஈமேக்ஸ், லிஸ்ப் என்ற நிரல்மொழியால் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய எடிட்டர். அப்சிடியன், குறிப்பெடுக்கும் செயலி. இரண்டிலும் குறிப்பெடுத்துப் பார்த்துவிட்டு ஈமேக்ஸிலேயே தங்கிவிட்டேன். ஆகவே என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

புதுக் குறிப்புக்கு அச்சாக இருக்கும் வார்ப்புருவைக் கொண்டு தேதியை நிரப்புவது, கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொள்வது, கர்சரை வேண்டிய இடத்தில் நிறுத்துவது இதெல்லாம் இரண்டிலும் முடியும். அப்சிடியனில் அதற்கு டெம்ப்ளேட்டர் பிளகின் வேண்டும். அப்சிடியனோடு கூடவே வரும் வார்ப்புரு வசதி தேதி, நேரம், தலைப்போடு நின்றுவிடும். பழகுவதற்கு அப்சிடியன்தான் எளிது. கைபேசியிலும் அதுவே சௌகரியம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. வார்ப்புருவை ஒரு மாலையில் எழுதிவிடலாம். அதைத் திருத்துவது வருடக்கணக்கில் ஓடும் வேலை.

ஈமேக்ஸில் குறிப்பெடுக்க உதவுவது ஆர்க் மோட்; அதில் குறிப்பைச் சட்டென்று பதியும் வசதி ஆர்க்-கேப்சர். அதில் ஒரு வார்ப்புரு வைத்திருந்தேன்: தலைப்பைக் குறிக்கும் நட்சத்திரக் குறி, செய்யவேண்டிய வேலையைக் குறிக்கும் டூடூ, அதே வரியில் நான் தேர்ந்தெடுத்த பகுதியை ஒட்டும் குறியீடு. ஒற்றை வரி எடுத்தவரை ஒழுங்காக ஓடியது. ஒருநாள் 5 வரிகளைத் தேர்ந்தெடுத்தேன். 5 டூடூக்கள் முளைத்தன! வார்ப்புருக்களை வைத்திருக்கும் மாறியின் விளக்கத்தை ஈமேக்ஸுக்குள்ளேயே திறந்தேன். குறியீட்டுக்கு முன்னால் அந்த வரியில் என்ன இருந்தாலும், ஒட்டப்படும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது சேரும் என்று இருந்தது. உள்தள்ளல் கெடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது, தவறு என்னுடையது. குறியீட்டைத் தனி வரிக்கு இறக்கிவிட்டு, அந்த லிஸ்ப் வரிகளை மட்டும் மறுபடி இயக்கினேன். ஈமேக்ஸை மூடித் திறக்கவில்லை. சோதனைக் குறிப்பை கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-கே அழுத்திக் கைவிட்டால் கோப்பிலும் தடம் இருக்காது.

இன்னொரு முறை, நீளமான வார்ப்புருவைத் துண்டுகளாக்கி, உரைத் துண்டுகளை ஒட்டும் கான்கேட் என்ற லிஸ்ப் கட்டளை கொண்டு இணைத்திருந்தேன். வார்ப்புருப் பட்டியல் முழுவதும், உள்ளிருப்பதை இயக்காமல் அப்படியே வைக்கும் ஒற்றை மேற்கோளுக்குள் இருந்ததால் கான்கேட் இயங்கவே இல்லை. குறிப்பு வரவேண்டிய இடத்தில் 'செல்லாத வார்ப்புரு' என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தலைப்பு வந்து நின்றது. அந்தச் சொற்களை ஆர்க் மோடின் மூலநிரலில் தேடினேன். எந்த நிபந்தனையில் அது எழுதப்படுகிறது என்று கண்ணெதிரே தெரிந்தது. மேற்கோளை, காற்புள்ளி வைத்த பகுதியை மட்டும் இயக்கவிடும் பேக்கோட்டாக்கி, கான்கேட்டுக்கு முன் ஒரு காற்புள்ளி வைத்ததும் சரியானது.

டெம்ப்ளேட்டரிலும் மாட்டிக்கொண்டேன். கேள்வி கேட்கும் கட்டளைக்கு முன், பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சொல்லைப் போட மறந்ததால், பதிலுக்குப் பதிலாக 'ஆப்ஜெக்ட் பிராமிஸ்' என்று குறிப்பில் பதிந்தது. திருத்தம் ஒரே சொல்தான். ஆனால் காரணத்தைத் தேட நான் எடிட்டரை விட்டு, பிழைச் செய்திகளைக் காட்டும் டெவலப்பர் கன்சோலுக்கும் இணையத்துக்கும் போக வேண்டியிருந்தது. டெம்ப்ளேட்டரின் நிரல் யாரும் படிக்கக்கூடிய திறந்த மூலம். அதைத் தாங்கும் அப்சிடியனின் நிரல் அப்படியல்ல.

டெம்ப்ளேட்டரோடு நான் இருந்தது சில மாதங்கள்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில் தினமும் புழங்குகிறவருக்கு அந்த அவெயிட் பிழை பார்த்தவுடனே பிடிபட்டிருக்கும். லிஸ்ப்பின் மேற்கோள்களில்தான் அவர் திணறுவார். நிரல் பக்கமே போகாமல் தேதியும் தலைப்பும் மட்டும் போதும் என்பவருக்கு ஈமேக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன்.