வேன் கூரை ஃபேன்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து நானும் தம்பியும் அதை வீடாக்கினோம். அதில் வைத்த சாமான்களிலேயே எது உருப்படியான சாமான் என்று கேட்பவர்கள், பேட்டரியையோ ஃபிரிட்ஜையோ மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் சொல்வது கூரை ஃபேனை. இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் ஓடுகிறது. அதில் குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எங்களுடையது 12 வோல்ட்டில் ஓடுவது. கூரையில் 14 அங்குலச் சதுரமாக வெட்டிய ஓட்டையில் உட்காரும். 10 வேகம். காற்றை வெளியே தள்ளவும் செய்யும், உள்ளே இழுக்கவும் செய்யும். மூடி திறந்திருக்கும்போதே அது குடை மாதிரி மறைத்துக்கொள்வதால் மழையிலும் ஓட்டலாம். வாங்குவதாக இருந்தால் இந்த மழை மறைப்பு உள்ளதையே வாங்குங்கள். ஜன்னலைத் திறக்க முடியாத மழை நாளில்தான் ஃபேன் அதிகம் தேவைப்படும்.

வேனை மாற்ற ஆரம்பித்தபோது எங்கள் பட்டியலில் ஃபேனுக்குக் கடைசி இடம். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மூன்று மாதம் தள்ளினோம். குளிர்காலம். ஜன்னல்களை இறுக மூடிக்கொண்டு தூங்கினோம். ஒரு நாள் காலையில் ஏதோ வாடை வருகிறதே என்று மெத்தையைத் தூக்கினேன். அடியில் பிளைவுட் முழுக்க ஈரம், கை வைத்தால் வழுக்கியது. என் தோளும் இடுப்பும் அழுந்தும் இடங்களில் மட்டும் மை தெளித்தது போலக் கருப்புப் புள்ளிகள், பூஞ்சை. பின்கதவின் உள்பக்க இரும்பில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து, கீழே ரப்பர் பள்ளத்தில் தேங்கி நின்றது. கூரை ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். தம்பி மேலே ஏறி ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தான். முந்தின இரவு மழையே இல்லை. அவ்வளவும் எங்கள் மூச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிகிறது. மூச்சும் வியர்வையுமாக ஒரு ஆள் ஓர் இரவில் விடும் தண்ணீர் ஒரு டம்ளருக்குக் குறையாது. அடுப்பு தனி. கேஸ் எரிவதே நீராவியை உண்டாக்கும். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் வருகிறது. பாத்திரத்தில் கொதிப்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டில் இது எங்கோ கரைந்து போகும். வேனுக்குள் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு கன மீட்டர் காற்று, சுற்றிலும் இரும்புத் தகடு. தகடு குளிர்ந்ததும் ஈரம் நேராகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் தகட்டின் மேல் காப்பு அட்டை ஒட்டியிருந்தோம். அது குளிரைக் குறைக்கும், ஈரத்தை வெளியே அனுப்பாது. இடுக்கு கிடைத்தால் ஈரம் அட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கண்ணில் படாமலே தகட்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும். வேனைத் தின்பது அந்தத் துருதான்.

அன்றைக்கே ஃபேனுக்குச் சொல்லிவிட்டோம்.

பொருத்துவதுதான் பெரிய வேலை. நல்ல கூரையில் ஓட்டை போட யாருக்கும் மனம் வராது. நானும் பென்சிலால் சதுரம் வரைந்துவிட்டு ரொம்ப நேரம் ஏணியிலேயே நின்றேன். “அக்கா, அளந்தது போதும், நீ வெட்டு. நான் உள்ளே இருந்து பிடிச்சுக்கறேன்” என்று தம்பி சொன்ன பிறகுதான் டிரில்லைக் கையில் எடுத்தேன். நான்கு மூலையிலும் துளை போட்டு, இரும்பு வெட்டும் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் (கையில் பிடித்து ஓட்டும் மின் ரம்பம்) அறுத்தேன். ஜிக்சாவின் அடித்தட்டில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் முழுக்கக் கீறல் விழும். மூன்று பக்கம் அறுத்ததும் தகடு தொங்க ஆரம்பிக்கும். அதையும் மேலிருந்து டேப் போட்டு நிறுத்தினால்தான் கடைசிப் பக்கம் நேராக அறுபடும்.

நாங்கள் செய்த தப்பு இரும்புத் தூளில். உள்ளே விழுந்ததைப் பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்துவிட்டோம். கூரை மேல் கிடந்ததைத் துணியால் துடைத்தேன், போய்விட்டது என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து மழை பெய்து ஓய்ந்ததும் ஏறிப் பார்த்தால், வெள்ளைக் கூரையில் நூற்றுக்கணக்கில் ஆரஞ்சுப் புள்ளிகள். ஒவ்வொரு தூளும் பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்திருந்தது. எல்லாவற்றையும் எடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. பிரஷ்ஷால் கூட்டிய பிறகு, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கூரை முழுக்க ஓட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். எங்கள் கூரையில் நீளவாக்கில் மேடு பள்ளம் இருந்ததால் ஃபேனின் சட்டம் நேராக உட்காரவில்லை. அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்ற அடாப்டர் தனியாக வாங்கினோம். அதன் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பட்டை), ஸ்க்ரூத் தலைகளின் மேல் தானாகப் பரவும் சீலண்ட், அதாவது தண்ணீர் இறங்காமல் இடுக்கை அடைக்கும் பசை. சிலிக்கான் வேண்டவே வேண்டாம். நாளைக்கு ஃபேனைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், சிலிக்கான் இருந்த இடத்தில் வேறு எந்தச் சீலண்டும் ஒழுங்காக ஒட்டாது. இரண்டு வருடத்தில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

சரி, ஓட்டம் எப்படி? முதல் வேகத்தில் சத்தமே கேட்காது. மூன்றாவது வேகத்தில் மெல்லிய இரைச்சல், அது இல்லாமல் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. 7-க்கு மேல் போனால் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டும், சமைக்கும்போது மட்டும் வைப்போம். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். முதல் வேகத்தில் 0.2 ஆம்பியர், மூன்றில் 0.4, பத்தில் 3 ஆம்பியர் பக்கம். விசிறிகளில் வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் மெதுவாக வைத்து ராத்திரி முழுக்க ஓட்டுவதுதான் லாபம். மூன்றாவது வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் 3.2 ஆம்பியர்-மணி. எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு அதைப் போலப் பத்து மடங்கு தின்கிறது. பேட்டரி சின்னது என்று யாரும் இந்த ஃபேனுக்குப் பயப்படத் தேவையில்லை.

ஆனால் ஃபேனை மட்டும் போட்டுவிட்டு எல்லாவற்றையும் மூடி வைத்தால் பயன் இல்லை. வெளியே போகும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். எங்கள் ஃபேன் பின்னால், அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே இருக்கிறது. முன் சீட்டுப் பக்க ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுவோம். காற்று முன்னால் நுழைந்து வேன் நீளத்துக்கும் நடந்து பின்னால் வெளியேறும். மெத்தைக்கு அடியில் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தோம். காலையில் 85 சதவீதத்துக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த ஈரப்பத மானி இப்போது 60-ஐ ஒட்டி நிற்கிறது. மெத்தையை மாதம் ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறேன், பலகை காய்ந்திருக்கிறது.

இதில் ஆபத்து ஒன்று இருக்கிறது. ஜன்னல்கள் மூடியிருக்க, ஃபேன் மட்டும் வேகமாக வெளியே தள்ளினால் உள்ளே காற்றழுத்தம் குறையும். அப்போது தரையில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அதன் வழியாக வேன் காற்றை உறிஞ்சும். குளிருக்கு வைத்திருக்கும் டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் வேனுக்கு அடியில்தான் போகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆகவே ஃபேனைப் போடும் முன்பு ஜன்னலைத் திறப்பது எங்கள் வண்டியில் மாறாத பழக்கம். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைப் பக்கம் இருக்கிறது. ஃபேன் வாங்குகிற அன்றே அதையும் வாங்குங்கள்.

வெயில் காலத்துக்கு இது போதுமா என்று கேட்கிறார்கள். வெளியே இருக்கும் சூட்டுக்குக் கீழே இதனால் கொண்டுபோக முடியாது. வெயிலில் நிறுத்திய வேனில் அடைபட்ட சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். நிழல் பார்த்து நிறுத்துங்கள். ராத்திரியில் திசையை மாற்றி உள்ளே இழுக்க வைத்தால் முகத்தின் மேல் குளிர்ந்த காற்று இறங்கும், அது அருமை.

இனி குறைகள். பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் ‘பீப்’ என்று உரக்கக் கத்துகிறது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வேகத்தை மாற்ற முடிவதில்லை. சத்தத்தை நிறுத்த வழியே வைக்கவில்லை. வடிவமைத்தவர்கள் ஒரு ராத்திரியாவது வேனில் படுத்துப் பார்த்திருந்தால் இதை மாற்றியிருப்பார்கள். விடியும்போது மூடி வழியாக வெளிச்சம் கொட்டுகிறது, கருப்புத் துணியில் மறைப்புத் தைத்து மாட்டினேன். கொசுவலையில் தூசி அடையும், மாதம் ஒரு முறை கழுவாவிட்டால் காற்று பாதியாகிவிடும். மூடியிருக்கும்போதே வண்டியின் உயரம் கூடிவிடுகிறது. அளந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பெரிய குறை, மூடியைத் தூக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம். 14-வது மாதத்தில் பல் தேய்ந்து, மூடி பாதியில் நின்றுவிட்டது. விற்றவர்களுக்கு எழுதினேன். வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை. திரும்பத் திரும்ப எழுதி ஏழாவது வாரத்தில்தான் சக்கரம் வந்தது. அதுவரை மூடியைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டினோம். மாற்றுவது அரை மணி நேர வேலை. உதிரி பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். முடிந்தால் மூடியைக் கையால் சுற்றித் திறக்கும் வகையை எடுங்கள், அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை.

இவ்வளவு குறைக்குப் பிறகும் ஐந்துக்கு நாலரை தருகிறேன். தம்பி இப்போது தனக்கென்று சின்ன வேன் ஒன்று பிடித்திருக்கிறான். படுக்கைகூட இன்னும் அடிக்கவில்லை, ஃபேனும் அடாப்டரும் வந்துவிட்டன. அடுத்த வாரம் கூரையை வெட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறான். பிரஷ்ஷும் காந்தமும் எடுத்து வைத்துவிட்டேன்.