சுவரில் லைசென்ஸ் மாட்டியிருந்தது, 6,25,000 ரூபாய் போய்விட்டது

6,25,000 ரூபாய். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் என் தங்கைக்குப் போக வேண்டிய பணம். அங்கேயும் போகவில்லை, இங்கேயும் திரும்பவில்லை. அனுப்பித் தருகிறேன் என்று வாங்கிய ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பண மாற்று) கடைக்காரன் இன்று மதியத்திலிருந்து போனை எடுக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பேரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், நடுவில் அவன் அவதூறு அது இது என்று கிளம்ப வேண்டாம். ஃபாரெக்ஸ், வீசா, ஏர் டிக்கெட், டிராவல் இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே போர்டில் எழுதி வைத்திருப்பார்களே, அந்த ரகக் கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே நாலு பேர் கம்ப்யூட்டர் முன்னால். மூலையில் நின்று ரகசியமாக டாலர் மாற்றும் ஆசாமி இல்லை.

தங்கைக்குப் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம். விசா நீட்டிக்க வேண்டுமென்றால் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று அங்கே காட்ட வேண்டும். ஜெர்மனியில் மாணவருக்கு மாதம் 992 யூரோ கணக்கு, வருடத்துக்கு 11,904. பிளாக்டு அக்கவுண்ட் என்று பிள்ளைகள் சொல்வது இந்தப் பணத்தைப் போட்டு வைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கைத்தான். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. அப்பாவின் ஓய்வுப் பணத்தில் பாதியும் என் சேமிப்பும் சேர்த்துத்தான் அந்த 6,25,000.

முதலில் எங்கள் வங்கிக் கிளைக்குத்தான் போனேன். வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை தெரிந்த அதிகாரி லீவு, வேறு கிளைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால் அட்மிஷன் லெட்டர், பாஸ்போர்ட் நகல், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப எழுதிக் கொடுக்கும் ஏ2 ஃபாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இழுத்தார்கள். தங்கையோ அப்பாயின்ட்மென்ட் தேதி நெருங்குகிறது என்று தினமும் போன். இந்தக் கடையை எனக்குச் சொன்னது என்னோடு வேலை பார்ப்பவர். தன் மகனுக்கு அங்கேதான் கரன்சி நோட்டு வாங்கினாராம், ஒரு குறையும் இல்லையாம்.

கடையை நடத்துபவனுக்கு நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்ததும் பான் கார்டு கேட்டான், தங்கையின் பாஸ்போர்ட் நகல் கேட்டான், வங்கியில் கேட்ட அதே ஏ2 ஃபாரத்தை எடுத்துக் கையெழுத்து வாங்கினான். "எதுக்கு அனுப்பறோம்னு கோடு நம்பர் போடணும்ணே, படிப்புச் செலவுன்னா எஸ்0305" என்று அவனே எழுதினான். அந்தக் கோடு நம்பர் சரியானதுதான். வீட்டுக்கு வந்ததும் சரிபார்த்தேன். திருடன் என்றால் தப்பும் தவறுமாகப் பேசுவான் என்றுதானே நினைப்போம்? இவனுக்கு வங்கிக்காரரைவிடச் சட்டம் சுத்தமாகத் தெரிந்திருந்தது. யூரோவுக்கு வங்கி சொன்னதைவிட ஒன்றேகால் ரூபாய் குறைத்தான். இலவசம் என்றெல்லாம் அளக்கவில்லை, கமிஷனுக்குத் தனியாக ரசீது போட்டான்.

பிறகு, "தங்கச்சிக்கு ஒரு கால் போடுங்கண்ணே, ஐபேன் நம்பரை நானே ஒருதடவை செக் பண்ணிக்கறேன்" என்றான். ஐபேன் என்பது அங்கே வங்கிக் கணக்கு எண். வீடியோ காலில் அதன் 22 எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தான். நடுவில் ஒரு 7-ஐ 1 என்று படித்துவிட்டு, அவள் திருத்தியதும், "பாத்தீங்களாம்மா, இதுக்குத்தான் கேக்கறது. ரெண்டு நாள்ல உங்க அக்கவுண்ட்ல இருக்கும், நீங்க படிப்பைப் பாருங்க" என்றான். அந்த இடத்தில்தான் நான் முழுசாக நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவன் தலைக்கு மேலே சுவரில் ஃபிரேம் போட்ட ரிசர்வ் வங்கி லைசென்ஸ் வேறு.

கடையின் கரண்ட் அக்கவுண்டுக்கு ஆர்டிஜிஎஸ் போட்டேன், 6,25,000. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஸ்விஃப்ட் காப்பி (வெளிநாட்டு வங்கிக்குப் பணம் கிளம்பியதற்கான அத்தாட்சி) என்று ஒரு பிடிஎஃப் வந்தது. வங்கி லோகோ, தங்கை பேர், ஐபேன், 5,952 யூரோ, எல்லாம் இருந்தது.

ரெண்டு நாள் போனது, பணம் வரவில்லை. கேட்டதற்கு, "நடுவுல ஒரு கரஸ்பாண்டன்ட் பேங்க் இருக்கும்ணே, அங்க நிக்குது." அடுத்து, "கிறிஸ்துமஸ் லீவுண்ணே, யூரோப் முழுக்க மூடிக் கெடக்கு." தங்கை சிரித்தாள். அங்கே யூரோ பட்டுவாடா நிற்பது டிசம்பர் 25, 26, அப்புறம் ஜனவரி 1. மற்ற வேலை நாட்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதை அவனிடம் சொன்னேன். "அதெல்லாம் அவங்க ஊர் பேங்குக்கு. நம்ம பணம் ஃபிராங்க்ஃபர்ட்ல காம்ப்ளையன்ஸ்ல இருக்கு" என்றான். நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "சார் மீட்டிங்ல இருக்கார் சார், டிக்கெட் போட்டாச்சு, நாப்பத்தெட்டு மணி நேரத்துல அப்டேட் வரும் சார்" என்று ஒப்பித்தது. மறுநாளும் அதே பெண், அதே நாற்பத்தெட்டு மணி நேரம். அவன் வண்டி வாசலில்தான் நின்றது.

இதற்கெல்லாம் உச்சம் ஜனவரி முதல் வாரத்தில். அவனே கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு அக்கறை. "அண்ணே, பிரச்சினை என்னன்னு தெரிஞ்சுபோச்சு. டிசிஎஸ் கட்டலைன்னு ஹோல்ட் பண்ணி வெச்சிருக்கான். அஞ்சு பர்சன்ட், 31,250. இப்ப போட்டீங்கன்னா ராத்திரிக்குள்ள ரிலீஸ்."

எனக்கு ரத்தம் கொதித்தது. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்புவது 10 லட்சத்தைத் தாண்டினால்தான் டிசிஎஸ் என்ற வரி (அதற்கு முன்னால் 7 லட்சமாக இருந்தது). நான் இந்த வருடம் அனுப்பியதே இந்த 6,25,000 ஒன்றுதான். இன்னொன்று, டிசிஎஸ் என்பது பணம் அனுப்பும்போதே இங்கே பிடிப்பது. ஜெர்மனிக்குப் போன பணத்தை அதற்காக எவனும் அங்கே நிறுத்தி வைக்க மாட்டான். இதைச் சொன்னதும், "நீங்க ரொம்ப யோசிக்கறீங்கண்ணே" என்று வைத்துவிட்டான்.

அன்று ராத்திரி தங்கை அந்தப் பிடிஎஃபை எடுத்து உட்கார்ந்தாள். ஸ்விஃப்டில் போகும் ஒவ்வொரு பணத்துக்கும் யூஇடிஆர் என்று ஒரு நம்பர் உண்டு. கூரியர் டிராக்கிங் நம்பர் மாதிரி. நடுவில் வரும் நாலு சிறு கோடுகளையும் (-) சேர்த்து 36 இடம், எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் மட்டும்தான் வரும், மூன்றாவது தொகுதி 4-ல் தொடங்கும். நமக்கு வந்த காப்பியில் இரண்டாவது தொகுதியில் ஒரு கே இருந்தது, கடைசித் தொகுதியில் ஒரு டபிள்யூ. "அண்ணா, இது நம்பரே இல்ல. கீபோர்டுல கையை வெச்சுத் தேய்ச்சிருக்கான்" என்றாள். அக்கவுண்ட் வைத்திருக்கும் இடத்திலும் கேட்டுவிட்டாள். அப்படி எதுவும் வரவும் இல்லை, வழியிலும் இல்லை.

அப்படியானால் சுவரில் இருந்த லைசென்ஸ்? அது போலியாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள பட்டியலில் தேடினேன். அசல். ஆனால் அது வேறொரு கம்பெனியின் பேரில் இருக்கிறது, முழுநேரப் பணமாற்று லைசென்ஸ். இந்தக் கடை அதன் ஃபிரான்சைஸ், அதாவது அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு நடத்தும் கடை. அந்த லைசென்ஸ் வைத்திருப்பவரே கரன்சி நோட்டு வாங்கலாம், வெளிநாடு போகிறவருக்கு நோட்டோ கார்டோ விற்கலாம், அவ்வளவுதான். படிப்புச் செலவுக்கு அக்கவுண்டுக்கு அனுப்புவது ரிசர்வ் வங்கி அதற்கென்று அனுமதி கொடுத்தவர்கள், அதாவது ஏடி கேட்டகரி 1 வங்கியோ கேட்டகரி 2 நிறுவனமோ செய்ய வேண்டிய வேலை. ஃபிரான்சைஸுக்கு இன்னும் சுருக்கம்: நம்மிடம் இருக்கும் வெளிநாட்டு நோட்டை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுக்கலாம், அதோடு சரி. ஆக அந்தக் காகிதம் அசல், இந்த வேலைக்கு அது செல்லாது. என்னோடு வேலை பார்ப்பவருக்கு நோட்டு ஒழுங்காகக் கிடைத்ததை வைத்து அந்தக் கடை எதைச் செய்தாலும் சரியாக இருக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வங்கியில் பணத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "ஆர்டிஜிஎஸ் போனா போனதுதான் சார். அவர் சம்மதிச்சாதான் திரும்பும்." அவர் சம்மதிப்பாராம்! சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தேன். புகாரை எடுத்துக்கொண்டார்கள், நம்பர் கொடுத்தார்கள். உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கிலேயே முடக்க வாய்ப்பு அதிகம், இப்போது எத்தனை கை மாறியிருக்கிறதோ என்றார்கள். கரஸ்பாண்டன்ட் பேங்க், கிறிஸ்துமஸ், காம்ப்ளையன்ஸ், நாற்பத்தெட்டு மணி நேரம், எல்லாம் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. பணத்தை நகர்த்த அவனுக்கு நாள் வேண்டும். அந்த நாளை நம்மிடமே "அண்ணே அண்ணே" என்று வாங்கிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் எழுத்தர், "ஓடிபி யாரும் கேக்கல, நீங்களே அனுப்பியிருக்கீங்க, ரசீது வேற இருக்கு, இது சிவில் மேட்டர் மாதிரி இருக்கே" என்கிறார். போலி ஸ்விஃப்ட் காப்பி கொடுத்தது சிவில் மேட்டரா ஐயா? ஆய்வாளர் வரட்டும் என்று உட்கார வைத்தார்கள், வரவில்லை.

"ஒன்றேகால் ரூபாய்க்கு ஆசைப்பட்டாய்" என்று உறவினர் ஒருவர் ஆரம்பித்துவிட்டார். 5,952 யூரோவுக்கு அது 7,440 ரூபாய். யாரும் 7,440-க்காக 6,25,000-ஐத் தூக்கிக் கொடுப்பதில்லை. வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் போனோம். வங்கிக் கிளையில் ஒரு மனுஷன் லீவு போட்டபோது வேலை தெரிந்த இன்னொருவர் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிக் கதவை நான் தள்ளியே இருக்க மாட்டேன்.

தங்கை இப்போதைக்குத் தோழியிடம் கடன் வாங்கி அக்கவுண்டில் காட்டப்போகிறாள். அப்பாவிடம் பணம் போன விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், மணி ஒன்றாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸைப் பார்த்தால் யார் பேரில், எந்த வேலைக்கு என்று இரண்டையும் படியுங்கள், ரிசர்வ் வங்கிப் பட்டியலில் தேடுங்கள். பணம் அனுப்புவது எந்த வங்கி வழியாக என்று கேளுங்கள், அந்த வங்கியிலேயே ஒரு போன் போட்டு விசாரியுங்கள். ஸ்விஃப்ட் காப்பி வந்த அன்றே யூஇடிஆரை எண்ணிப் பாருங்கள், ஏ முதல் எஃப் தாண்டி ஒரு எழுத்து இருந்தாலும் கடைக்காரனிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1930. ரிலீஸ் பண்ண இன்னும் பணம் போடு என்று எவன் கேட்டாலும் ஒரு பைசா போடாதீர்கள். அனுமதியில்லாமல் நடத்துகிறவர்கள்மேல் புகார் சொல்ல ரிசர்வ் வங்கியின் சசேத் தளம் இருக்கிறது, அதிலும் போட்டிருக்கிறேன். காலை பத்து மணிக்கு ஆய்வாளர் இருப்பாராம், அந்தப் பிடிஎஃபைக் கலரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போகிறேன். இதே மாதிரிக் கடையில் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், நாலு பேராகப் போனால்தான் எஃப்ஐஆர் போடுவார்கள் போலிருக்கிறது.