ஷவரைத் திறந்தால் கொதிக்கும் காம்பி பாய்லர்: பழுதுபார்ப்புச் சேவை குறித்து

லண்டனில் உள்ள எங்கள் வீட்டு காம்பி பாய்லர் (அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்களுக்கும் வெந்நீர் தரும் ஒரே கருவி), ரேடியேட்டர்களை ஒழுங்காகச் சூடாக்கியபோதும், ஷவரைத் திறந்தால் மட்டும் திரையில் 80 டிகிரியைத் தாண்டி அணைந்துவிட, தண்ணீர் கொதிப்பதும் குளிர்வதுமாக மாறி மாறி வந்தது. முதலில் அழைத்த நிறுவனம், மூடியைக்கூடக் கழற்றாமல், புதிய பாய்லர் வாங்கச் சொன்னது. அடுத்து வந்த, கேஸ் சேஃப் (எரிவாயுப் பணியாளர்களுக்கான பிரிட்டனின் அதிகாரபூர்வப் பட்டியல்) பதிவு பெற்ற பொறியாளரோ, ரேடியேட்டர்கள் நன்றாக இயங்குவதால் வெந்நீரைச் சுற்றவைக்கும் பம்பில் கோளாறில்லை என்று அதை விட்டுவிட்டு, குளியல் நீரைச் சூடாக்கும் தட்டு வெப்பமாற்றியைக் கழற்றினார். அதன் துளைகளில், அந்நகரத்தின் கடின நீர் படியவிட்ட சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்தது. வெப்பம் குழாய்நீருக்குக் கடக்க வழியின்றிப் பாய்லருக்கே திரும்பியதுதான் கோளாறு. அமிலத்தால் கழுவாமல் புதியதையே பொருத்தினார், பணி நேர்த்தி. மீண்டும் படியாமல் காக்கும் சுண்ணாம்புத் தடுப்பானுக்குத் தனிக்கட்டணம் என்பதை முன்கூட்டியே சொல்லாததே குறை.